பின்சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்

பின்சீட்டில் ஆளை உட்கார வைத்துப் பார்த்தாயா என்று கார்ச் சக்கரம் விற்கிற அலாய்க்கடை அண்ணன் கேட்டார். நான் அப்போது டயருக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து, அது நுழையாததில் பூரித்துப் போயிருந்தேன். கேள்வி காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்கண்ணா" என்றேன்.

பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பொய் சொல்வதற்கு ஒரு நொடியாவது யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கார் யாருடையதோ, தினமும் காலை ஏழேகாலுக்கு அதன் பின்சீட்டில் இடது மூலையில் யார் உட்காருவாரோ, அந்த மனுஷி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அது பெரியம்மாவின் கார். அம்மாவுக்கு அக்கா. மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது ஒரு பையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ரூம் கிடைக்கிற வரைக்கும் இருந்துக்கோ என்றார். ரூம் தேடுவதை நான் இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டேன், அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரியப்பா இல்லை. அவர்கள் மகள், எனக்கு அக்கா, கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். வீட்டில் நானும் பெரியம்மாவும் மட்டும்தான்.

பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நர்ஸ் இல்லை, சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி, எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் இருபது வருடம் ஈரத்துணி தூக்கியிருக்கிறார். அதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பஸ் படிக்கட்டு பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த செடானைப் பழசாக வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் டீ குடிக்கிற இடைவேளையில் போய்க் கூட்டிவந்து வீட்டில் இறக்கிவிட்டு மறுபடி கடைக்குப் போவேன். மற்ற நேரமெல்லாம் கார் என் கையில். நான் மொபைல் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். பத்து மணிக்குத்தான் ஷட்டர் தூக்குவார்கள்.

பெரியம்மா வாட்டசாட்டமான ஆள். அதை அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். லிஃப்டில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தால், நான் ஏறணும்னா ரெண்டு பேர் இறங்கணும், யாருன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவர்தான் அதிகமாகச் சிரிப்பார். முன்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். அதனால் பின்சீட்டில் இடதுபக்கக் கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைச் சீட்டின் மேலேயே நீட்டிக்கொள்வார். செருப்பு கீழே கிடக்கும். ஆஸ்பத்திரி வரும்வரை ஏதாவது பேசிக்கொண்டே வருவார். ஒரு நாளில் அவர் உடம்பு முழுசாக ஓய்ந்து கிடக்கிற இருபது நிமிடம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

இனி என்னைப் பற்றி. நான் ஒரு குரூப்பில் இருக்கிறேன். பெயர் தரைதட்டிகள். காரைத் தாழ்த்தி, சக்கரத்தை அகலமாக்கி, அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையையும் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி பதறிப் பதறிக் கடக்கிற நாற்பது பேர். அதில் என் பட்டப்பெயர் ஸ்கேல். யாராவது போட்டோ போட்டால், முன் சக்கரம் நாலு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கு மச்சி என்று நான் போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். நாள் முழுக்கத் தூசி மாதிரி இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிறவனுக்குக் கண்ணில் அளவு வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஓட்டுவதோ, மெலிந்த டயரும் பிளாஸ்டிக் மூடியும் போட்ட ஒரு வெள்ளை செடான். ஊரெல்லாம் வைத்தியம் சொல்கிறவன் வீட்டில் இருமல் என்று குரூப்பில் ஓட்டாத ஆள் கிடையாது.

பெரியம்மாவிடம் கேட்டேன். சக்கரம் உருண்டையாத்தானே இருக்கும், அப்புறம் என்ன, போட்டுக்கோ என்றார்.

அலாய்க்கடை அண்ணன் இரண்டு செட் காட்டினார். இரண்டும் பதினேழு இன்ச், இரண்டும் பழையதைவிட ஒன்றரை இன்ச் அகலம், ஒரே டிசைன், கருஞ்சாம்பல் நிறம். வித்தியாசம் ஆஃப்செட்டில் மட்டும். ஆஃப்செட் என்றால் சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்கிற கணக்கு. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். ஒன்று நாற்பத்தைந்து, இன்னொன்று முப்பத்தைந்து. நாற்பத்தைந்தை எடுத்துக்கோ தம்பி, அடக்கமா நிக்கும், நிம்மதியா ஓட்டலாம் என்றார் அண்ணன். அடக்கமாக நிற்பதற்கா நான் ஒரு வருடம் ஆசைப்பட்டேன்? முப்பத்தைந்து என்றேன். பத்து மில்லிமீட்டர்தானே அண்ணா என்றேன். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி இறக்கிக் காட்டிவிட்டு அவர் பின்சீட்டைப் பற்றிக் கேட்டார், நான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மற்ற மூன்றையும் மாட்ட ஜாக்கை எடுக்கப் போனார்.

நட்டெல்லாம் முறுக்கி, கார் ஜாக்கிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்ததும் மூன்று முறை சுற்றி வந்து பார்த்தேன். அதே கார்தான். ஆனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. டயரின் பக்கமும் மேலே வளைந்த தகட்டின் விளிம்பும் ஒரே கோட்டில். இருபது போட்டோ எடுத்தேன். குரூப்பில் போட்ட பத்து நிமிடத்துக்குள் ஸ்கேல்டா என்று எழுதாத ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை பெரியம்மா கீழே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். நல்லா இருக்குடா, புது ஷூ போட்ட மாதிரி இருக்கு என்றார். ஏறினார், கதவில் சாய்ந்தார், காலை நீட்டினார். எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. கார் அதில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் இடது மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சர்ர். துணியைக் கிழிக்கிற மாதிரி.

என்ன சத்தம் என்று கேட்டார். புது டயர், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இன்னும் ஆறு முறை சர்ர். ரப்பர் கருகுகிற வாடை. அவரை இறக்கிவிட்டு, அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்தேன். புத்தம்புது டயரின் தோள்பட்டையில் ஒரு இன்ச் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. மேலே தகட்டின் உள்விளிம்பில் பெயின்ட் போய் வெள்ளியாக ஒரு கோடு. நான் ஒருத்தனாக ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது ஒரு சத்தமும் இல்லை.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. காலிக் காரை நிறுத்தி வைத்து அளந்திருக்கிறேன். ஆள் ஏறினால் கார் கீழே அமுங்கும் என்பது சைக்கிள் ஓட்டுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். குரூப்பில் யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் வைத்துக் கிழித்திருப்பேன். அதனாலேயே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் முடிந்தவரை வேகத்தடைகளைத் தவிர்த்துச் சந்து சந்தாகச் சுற்றினேன். பலனில்லை. சின்னப் பள்ளத்துக்கும் சர்ர். ஒவ்வொரு சர்ரும் என் பல்லைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது நாள் பெரியம்மா வழக்கம்போல மூலையில் சாய்ந்ததும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

"பெரியம்மா, கொஞ்சம் நடுவுல உக்காருங்களேன். வெயிட்டெல்லாம் ஒரே பக்கம் விழுது."

அவர் நீட்டிய காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். அப்படியே நகர்ந்து நடுவே வந்தார். நடுவில் தரை மேடாக இருக்கும், காலை வைக்க இடமில்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராக மடங்கி நின்றன. தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இந்த முறை இடதுபக்கம் மட்டுமில்லை, வலதுபக்கமும் சேர்ந்து சர்ர் என்றது.

லிஃப்டில் சொல்கிற மாதிரி ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். இறங்கும்போது மட்டும், டயர் ரொம்ப விலையோடா என்று கேட்டார்.

அடுத்த நாள் காலை நான் சாவியை எடுக்கும்போது, ஆஸ்பத்திரியிலேயே வேன் விட்டிருக்கிறார்கள், நாலு தெரு தள்ளி வருகிறது, இனிமேல் அதிலேயே போய்விடுகிறேன் என்றார். சாயங்காலம் கூட வேலை செய்கிறவர்களோடு வந்துவிடுவாராம். உனக்கும் தூக்கம் மிச்சம் என்றார். நான் சரி என்றேன். நாலு தெரு நடந்து வேன் ஏறுகிற முழங்காலா அது என்று கேட்கவில்லை. எந்த வேன், என்ன நேரம், எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். கார் காலியாக ஓடியது, சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தரைதட்டிகள் கூடினோம். இரண்டு பேர் முட்டி போட்டு என் சக்கரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தன் ஒரசாதா மச்சி என்று கேட்டான். கண்ணைச் சிமிட்டி, அளந்துல்ல போட்டிருக்கேன் என்றேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை வெளிச்சத்தில் போட்டோ நன்றாக வரும் என்று ஆறு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். திரும்பி வருகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றது, நான் பின்னால் நின்றேன். முன்னால் ஏறுகிற வரிசையில் கடைசியாகப் பெரியம்மா.

வரிசை ஏறி முடிந்தது. அவர் கம்பியை வலது கையால் பிடித்தார். இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். உடம்பு எழவில்லை. காலைக் கீழே வைத்துவிட்டு மறுகாலை முயற்சி செய்தார். பஸ் படிக்கட்டு அவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூன்றாவது முறை மேலேயிருந்து யாரோ கை கொடுத்தார்கள். கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, பாத்து ஏறுங்கம்மா, பஸ்ஸே இந்தப் பக்கம் சாயுது என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முகங்கள் சிரித்தன. பெரியம்மாவும் சிரித்தார்.

நான் ஹார்ன் அடித்திருக்கலாம். கதவைத் திறந்து நாலு எட்டு நடந்திருந்தால் போதும். அவருடைய கார் அவருக்குப் பின்னால் இருபது அடியில் நிற்கிறது, உள்ளே அவருடைய சீட் காலியாக இருக்கிறது. நான் வெயில் தடுப்பை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். பஸ் போன பிறகும் பின்னால் இருந்தவன் அடித்த ஹார்னுக்குத்தான் காரை நகர்த்தினேன்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா போன் செய்தாள். அம்மாவுக்கு என்னடா ஆச்சு என்று ஆரம்பித்தாள். எடை மிஷின் வாங்கியிருக்கிறார்களாம், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார்களாம், ஒரு வாரமாக வெந்நீரும் பிஸ்கெட்டும்தானாம். நான் கடையில் இருந்து வருவதற்குள் அவர் படுத்துவிடுவார். சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சும்மா. மூடி வைத்த தட்டு எனக்கு இருந்தது, நான் சாப்பிட்டேன்.

"ஏம்மா திடீர்னு இப்படின்னு கேட்டா, கார் என்னைத் தாங்கலடின்னு சிரிக்கிறாங்க" என்றாள் அக்கா. "பழைய கார்தானே, ஸ்பிரிங் போயிருக்கும். ஒரு மனுஷியக்கூடத் தாங்காத அளவுக்கு விட்டு வச்சிருக்கியா? காட்டி சரி பண்ணுடா."

பார்க்கிறேன்க்கா என்றேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தப்புக்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலமே அலாய்க்கடைக்குப் போனேன். அண்ணன் குனிந்து தகட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெள்ளிக் கோட்டைப் பார்த்தார். பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்கன்னு சொன்னே என்றார். ஒருத்தர் உட்கார்ந்தார், அவர் கொஞ்சம் குண்டு என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். யாருக்கும் தெரியாது, அவர் யார் என்று அண்ணனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணன் கதவைத் திறந்து பின்சீட்டில் இடது மூலையில் உட்கார்ந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குச்சிக்குச் சட்டை மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பார், காற்று பலமாக அடித்தால் ஷட்டரைப் பிடித்துக்கொள்வார் என்று கடையில் கேலி செய்வார்கள். ஓட்டு என்றார். கடை வாசலில் சாக்கடை மூடியை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினேன்.

சர்ர்.

இன்னொரு முறை என்றார். சர்ர். மூன்றாவது முறை அவர் சொல்லாமலே நானே ஏற்றினேன். சர்ர்.

"குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன், இறங்கிக்கொண்டே. "ஸ்கூல் பையன் ஏறினாலும் இது ஒரசும். பத்து மில்லி வெளிய நிக்குது தம்பி. அன்னிக்கே சொன்னேன்."

விளிம்பைச் சூடாக்கி உள்பக்கம் மடிக்கலாம், கொஞ்சம் இடம் கிடைக்கும், பெயின்ட் வெடித்தாலும் வெடிக்கலாம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. யார் உட்கார்ந்தாலும் உரசும் என்பது மட்டும் ஏறியது. இரண்டு வருடமாக அந்தப் பின்சீட்டில் பெரியம்மாவைத் தவிர வேறு யாருமே உட்கார்ந்ததில்லை. அதனால் சத்தம் அவருடையது என்று ஆகிவிட்டது. அவரும் அதை வாங்கிக்கொண்டு, நாலு தெரு நடந்து, பட்டினி கிடந்து, எடை மிஷினில் ஏறி நிற்கிறார்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் சொல்லவில்லை. என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலாவது நாள், சனிக்கிழமை, பால்கனியில் அடுக்கி வைத்திருந்த பழைய சக்கரங்களை இறக்கி, அண்ணன் கடையில் மாட்டிக்கொண்டு வந்தேன். கார் மறுபடி மெலிந்த கால்களோடு நின்றது. வீட்டுக்குள் போய், பெரியம்மா, ஸ்பிரிங் சரி பண்ணிட்டேன், திங்கக்கிழமையிலிருந்து நாமளே போகலாம் என்றேன். அக்கா கொடுத்த காரணத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

சரியாயிடுச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்ப தாங்குமா என்று கேட்டார். தாங்கும் பெரியம்மா என்றேன். அந்த இடத்திலாவது வாய் கூசியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் கதவைத் திறந்து, ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஏறி, மூலையில் சாயாமல், நடுவிலும் இல்லாமல், இரண்டுக்கும் இடையில் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். காலை நீட்டவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்தபடி கிளப்பினேன். தெருமுனை வேகத்தடை வந்ததும் அவர் கை மேலே போய் ஜன்னலுக்கு மேலிருக்கிற பிடியைப் பற்றியது. கார் ஏறியபோது அவர் பிடியில் தொங்கி, சீட்டிலிருந்து உடம்பை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கினார். கார் இறங்கி முடிந்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

தன் பாரம் காரில் விழாமல் இருப்பதற்காக.

அடுத்த பள்ளத்துக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு மருந்துக்கடை வாசலில் ஓரமாக நிறுத்தினேன். ஏன் நிறுத்திட்டே, மறுபடியும் சத்தமா என்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஸ்பிரிங் எதுவும் மாற்றவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது என்றேன். சக்கரத்தின் அளவைத் தப்பாக எடுத்தேன், கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்தேன், பின்சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன் என்றேன்.

"யாரு உக்காந்தாலும் ஒரசும் பெரியம்மா. கடைக்காரர் உக்காந்தாரு, அவர் உங்கள்ல பாதிகூட இருக்க மாட்டாரு, அப்பவும் ஒரசுச்சு."

"பாதிங்கறத விட்டுட்டுச் சொல்லு" என்றார்.

மன்னிப்பு கேட்டேன். அதை அவர் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. இது எப்போது தெரியும் என்று கேட்டார். உரசுவது முதல் நாளே தெரியும், யார் உட்கார்ந்தாலும் உரசும் என்பது போன செவ்வாய்க்கிழமை தெரியும் என்றேன். செவ்வாய்க்கிழமை என்று அவர் திருப்பிச் சொன்னார். வெளியே மருந்துக்கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் காரின் மேலும் பட்டது.

"செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னியே" என்றார் பெரியம்மா.

அவரே மேலே சொன்னார்.

"அந்தச் சக்கரத்த இந்த ஊர்ல வேற யாரு வச்சிருக்கா? ஏறினதும் ஜன்னல் வழியா பாத்தேன். நீ முகத்த மறைச்சே. பாவம், என்னை ஏத்தினா டயர் போயிடுமேன்னு பயப்படறான்னு நெனச்சுக்கிட்டேன். உம் மேல கோவம்கூட வரல."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது கழுவிக்கொண்டிருப்பேன். குரல் சலவைப் பிரிவில் கறை போகாத விரிப்பைத் தனியே எடுத்து வைக்கிறவருடைய குரல். வண்டியை எடு, நேரமாகிறது என்றார். எடுத்தேன். அடுத்த வேகத்தடையில் அவர் பிடியைத் தொடவில்லை. காலையும் நீட்டவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில்தான் சலவைப் பிரிவு. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் நீலச் சட்டை போட்ட நாலைந்து பெண்கள் அங்கே நின்று டீ குடிப்பார்கள். கார் நின்றதும் ஒருத்தி, என்னக்கா, கார் இன்னிக்குத் தாங்கிடுச்சா என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்களுக்கு அது பெரியம்மாவே சொல்லிக்கொடுத்த ஜோக்.

பெரியம்மா கதவைத் திறந்து, காலை ஒவ்வொன்றாக வெளியே வைத்து, எழுந்து நின்றார். அப்புறம் என் பக்க ஜன்னலுக்குக் குனிந்தார்.

"ரெண்டு வாரமா இவங்ககிட்ட நானே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன், கார்கூட என்னைத் தாங்கலன்னு. இறங்கு. என்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லு."

இறங்கினேன். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீ கப்போடு நாலு பேர் என்னையே பார்த்தார்கள். நான் அவங்க தங்கச்சி பையன் என்று ஆரம்பித்தேன். அது தெரியும், மேல சொல்லு என்றாள் ஒருத்தி. சொன்னேன். அகலமான சக்கரம் போட்டேன், அது வெளியே தள்ளி நின்றது, ஆள் ஏறினால் தகட்டில் உரசும் என்று தெரியாமல் போட்டேன், தெரிந்த பிறகும் மறைத்தேன். எவ்வளவு வெளியே என்று வயதான ஒரு பெண் கேட்டார். விரலால் காட்டினேன். அந்த இத்தனூண்டுக்கா என்றார். குனிந்து டயரைப் பார்த்தார்கள். இதில் ஒன்றும் தெரியவில்லையே என்றாள் இளையவள். இது பழையது, அதைக் கழற்றிவிட்டேன் என்றேன். எதுக்குதான் அத மாட்டினே என்று கேட்டாள். அழகாக இருக்கும் என்று சொன்னேன். அதற்கு அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பெரியம்மா இதையெல்லாம் நின்று கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துச் சரிவில் ஏறி, அட்டையை மிஷினில் தேய்த்துவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தார். வாசலுக்கு உள்ளே தள்ளுவண்டியோடு இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"அப்ப அக்கா வெயிட்டால இல்ல?" என்று வயதானவர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"சத்தமா சொல்லு. உள்ள நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.